அக்காவிடம் கேளுங்கள்: தனியாக வெளிநாடு போகும் பெண்கள்

விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஓர் இளம்பெண் தனியாக வெளிநாடு போகலாமா, போனால் எதில் கவனம் வேண்டும்? நான் விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். முன்பின் தெரியாத ஊர்களில், ஹோட்டல் அறைகளில் தனியாகத் தூங்கி எழுந்துதான் என் இளமைக்காலம் போனது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்தபின் முதல் முறையாக நீண்ட விடுப்பு கிடைத்திருக்கிறது. வியட்நாமுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஹனோய், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம். கூட வருவதாக இருந்த தோழி கடைசி நேரத்தில் வரமுடியாமல் போய்விட்டது. அப்பா அரை மனதாகச் சரி என்றார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். என்ன செய்ய வேண்டும், அக்கா?
- செங்காங் வாசகி

பதில்: போய் வா. தனியாகப் பயணம் தொடங்குகிறவர்களுக்கு வியட்நாம் நல்ல நாடு. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். வாடகை வண்டி அழைக்க நாம் இங்கே பயன்படுத்தும் அதே கிராப் செயலி அங்கேயும் வேலை செய்யும். ஹனோயில் நம் தூதரகமும், ஹோ சி மின் நகரத்தில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. கடப்பிதழ் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்று மட்டும் இன்றே எடுத்துப் பார்த்துவிடு.

புது ஊரில் பெண்கள் அதிகம் தடுமாறுவது இறங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான். தூக்கக் கலக்கம், கைப்பேசியில் பேட்டரி இல்லை, கையில் உள்ளூர்ப் பணம் இல்லை, எந்தப் பக்கம் போவதென்றும் தெரியாது. அந்த நேரத்தில் யார் வந்து உதவுகிறேன் என்றாலும் பின்னாலேயே போய்விடத் தோன்றும். அதனால் பகலில் போய் இறங்கும் விமானமாகப் பார்த்து எடு. சில வெள்ளி கூடுதலானாலும் பரவாயில்லை. ஹனோயின் நோய் பாய் விமான நிலையம் நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். நள்ளிரவில் இறங்கும் டிக்கெட்டையே ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால், ஹோட்டலிலேயே கார் அனுப்பச் சொல். காரோட்டியிடம் உன் பெயரை நீயாகச் சொல்லாதே. "யாரை அழைத்துப்போக வந்தீர்கள்?" என்று கேள், அவர் சொல்லட்டும். கிராப் என்றால் வண்டி எண்ணைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். பின் இருக்கையில் உட்கார்.

அப்புறம் ஹோட்டல் அறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும், நான் பின்னால் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். பக்கத்தில் ஆள் நிற்கும்போது வரவேற்பு மேசையில் இருப்பவர் உன் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால், வேறு அறை கேள். "எண்ணை எழுதிக் காட்டுங்கள்" என்று சொல். நல்ல ஹோட்டலில் ஏன் என்று கேட்கவே மாட்டார்கள். தரைத்தளம் வேண்டாம். பக்கத்து அறைக்கு உள்வழியாகக் கதவு இருக்கும் அறையும் வேண்டாம். அறைக்குள் முதல் முறை நுழையும்போது பெட்டியைக் கதவுக்கு நடுவில் வைத்துக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள். அப்படியே குளியலறை, அலமாரி, திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகு பெட்டியை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டு. அரை நிமிட வேலை. உன் அறையிலிருந்து அவசர வழிக்கு நடுவில் எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள். தீ பிடித்துப் புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டே கதவுகளை எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர்க் கட்டை ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள், முஸ்தபா கடையிலோ பேட்டையில் இருக்கும் ஹார்ட்வேர் கடையிலோ கிடைக்கும். நீ கூப்பிடாமல் யாராவது வந்து "ரூம் சர்வீஸ்", "குழாய் பார்க்க வந்தேன்" என்று தட்டினால் திறக்காதே. கீழே வரவேற்புக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆள் அனுப்பினீர்களா என்று கேட்டுவிட்டுத் திற.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால், நான் சொல்வது இதைத்தான்: முகதாட்சண்யம் பார்க்காதே. நம் வீட்டில் பெண் பிள்ளைகளை எல்லோரிடமும் சிரித்த முகமாக இருக்கச் சொல்லியே வளர்க்கிறோம். பெரியவர் கேட்டால் பதில் சொல், கொடுப்பதை மறுக்காதே, யார் மனமும் நோகப் பேசாதே. அந்தப் பழக்கம் பெட்டி படுக்கையோடு வெளியூருக்கும் வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது மனசு ஏதோ சரியில்லை என்று சொல்லும். ஆனாலும், "நல்லவராகவும் இருக்கலாமே, எழுந்து போனால் தப்பாக நினைப்பாரே" என்று உட்கார்ந்தே இருப்போம். அவர் தப்பாகவே நினைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு நீ அவரைப் பார்க்கப்போவதில்லை. எழுந்து போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. "தனியாகவா வந்திருக்கிறாய்?" என்று கேட்டால், "இல்லை, கணவர் ஹோட்டலில் இருக்கிறார், இப்போது வந்துவிடுவார்" என்று தயங்காமல் சொல். உன் பாதுகாப்பு விஷயத்தில் நீ அரிச்சந்திரனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதே முகதாட்சண்யத்தால்தான் பிறர் பையை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். "சாங்கியில் என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான், சின்னப் பொட்டலம்தான்" என்று யார் கெஞ்சினாலும் முடியாது என்று சொல். போதைப்பொருள் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

வியட்நாமுக்கென்று சில விஷயங்கள். ஹோ சி மின் நகரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டு போவது உண்டு. வழி பார்க்க வேண்டுமென்றால் நடைபாதை ஓரத்தில் நிற்காமல் ஒரு கடைக்குள் போய்ப் பார். பையைக் குறுக்காக மாட்டி, சாலைக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிடு. யாராவது இழுத்தால் விட்டுவிடு, பிடித்துக்கொண்டு போராடாதே. இழுபட்டு விழுந்து அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம், இருட்டில் மாறிப்போகும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வை. போலீஸுக்கு 113, தீயணைப்புக்கு 114, ஆம்புலன்ஸுக்கு 115.

நீ மது அருந்துவாயா என்று எனக்குத் தெரியாது, அது உன் விருப்பம். ஆனால் இலவசமாக ஊற்றித் தருவதையும், பெயர் தெரியாத புட்டியிலிருந்து கலந்து தருவதையும் தொடாதே. 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோஸில், வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில், மெத்தனால் கலந்த மது என்று சந்தேகிக்கப்படும் ஒன்றைக் குடித்து வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்துபோனார்கள். உன்னைவிடச் சின்னப் பெண்களும் அதில் இருந்தார்கள். மெத்தனாலை நிறத்தை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. மூடி திறக்காத பீர் என்றால், உன் கண் முன்னால் திறக்கச் சொல்லிக் குடி. கோப்பையை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனால், திரும்பி வந்து அதைத் தொடாதே.

கிளம்பும்முன் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் உன் பயணத்தைப் பதிவு செய்துகொள், இலவசம்தான். அமைச்சின் 24 மணி நேரத் தொலைபேசி எண் +65 6379 8800. கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வை, கைப்பேசியே தொலைந்துவிட்டால் என்ன செய்வாய்? கடப்பிதழ் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு நம் தூதரகம். ஊர் திரும்புவதற்கான அடையாள ஆவணம் அங்கே கொடுப்பார்கள். பயணக் காப்புறுதியை டிக்கெட் வாங்கிய அன்றே எடுக்க வேண்டும், இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றே எடுத்துவிடு.

கேள்வி: வெளிநாடு போகும்போது பெப்பர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். சிங்கப்பூரில் தற்காப்புக்கென்று அதை வைத்திருக்கச் சட்டம் இடம்தரவில்லை. விமானத்துக்குள் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. பிரிட்டன் போன்ற நாடுகளில் அதைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகவே பார்ப்பார்கள். உன்னைக் காப்பாற்ற வாங்கியதற்கு நீயே காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் அலாரம் கிடைக்கிறது. அதில் செருகியிருக்கும் பின்னை இழுத்தால் காதைப் பிளக்கிற மாதிரி கத்தும். அது போதும். பையின் அடியில் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டு.

கேள்வி: என் மகள் (22) ஜப்பானுக்குத் தனியாகப் போகிறாள். "நீ எங்கே இருக்கிறாய் என்று என் கைப்பேசியில் எப்போதும் தெரிகிற மாதிரி வை" என்றேன். "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டு சரியாகப் பேசுவதே இல்லை. நான் கேட்டது தப்பா?
- ஒரு தாயார், வூட்லண்ட்ஸ்

பதில்: தப்பே இல்லை, அம்மா. பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கு நிம்மதி தராது. சுரங்க ரயிலில் போகும்போது அந்தப் புள்ளி அப்படியே நிற்கும், பேட்டரி தீர்ந்தால் மறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் நீங்கள் பதறுவீர்கள், அவள் எரிச்சலில் அதை அணைத்தே வைத்துவிடுவாள்.

இப்படிப் பேசிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பகிரலாம். இருட்டிய பிறகு எங்காவது போவதாக இருந்தால், ஊர்விட்டு ஊர் போவதாக இருந்தால், அப்போது மட்டும் 8 மணி நேரத்துக்குப் போடட்டும். மற்றபடி காலையில் ஒரு செய்தி, அறைக்குத் திரும்பியதும் ஒரு செய்தி. ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது, நமக்கு 9 மணி என்றால் அவளுக்கு 10. அதையும் கணக்கில் வைத்து நேரம் பேசிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குச் செய்தி வராவிட்டால் என்ன செய்வது என்றும் இப்போதே முடிவு செய்யுங்கள்: இரண்டு மணி நேரம் பொறுப்பது, பிறகு அவளை அழைப்பது, எடுக்காவிட்டால் ஹோட்டலை அழைப்பது, அங்கேயும் தகவல் இல்லையென்றால் வெளியுறவு அமைச்சை அழைப்பது. எந்தத் தேதியில் எந்த ஹோட்டல், அதன் தொலைபேசி எண் என்ன என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

வீட்டுக்குள் ஒரு ரகசிய வாக்கியமும் வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு மாத்திரை கொடுத்தாச்சா?" என்று மகள் கேட்டால், "என்னால் வெளிப்படையாகப் பேச முடியவில்லை, எனக்கு உதவி வேண்டும்" என்று பொருள். உடனே நீங்கள் அழைத்து, "அவசரம், இப்போதே கிளம்பு" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் யார் இருந்தாலும் அவள் எழுந்து வருவதற்கு அது ஒரு காரணம்.

இதையெல்லாம்விட முக்கியமாக, அவள் கிளம்பும் முன்பு ஒரு வாக்குக் கொடுங்கள்: "எது நடந்தாலும், நீ தப்பே செய்திருந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. நான் திட்ட மாட்டேன்." என்னோடு வேலை பார்த்த இளம்பெண்கள் பலர் வெளியூரில் சிக்கலில் மாட்டியபோது வீட்டை மட்டும் அழைக்கவே மாட்டார்கள். பணப்பை பறிபோய்க் கையில் காசில்லாமல் ஒருத்தி அறைக்குள்ளேயே பிஸ்கட்டைத் தின்றுகொண்டு இருந்தாள். அவள் அம்மாவிடம் பணம் இல்லாமல் இல்லை. "நான் அப்போதே சொன்னேனே" என்ற பேச்சுக்கு அவ்வளவு பயம். அந்தப் பேச்சை நீங்கள் விட்டுவிட்டால், உங்கள் மகள் சிக்கல் முற்றும் முன்பே உங்களை அழைப்பாள். இருப்பிடத்தைக் காட்டும் எந்தச் செயலியாலும் அதைச் செய்ய முடியாது.

ஜப்பான் பொதுவாகப் பாதுகாப்பான நாடுதான். கூட்ட நேர ரயிலில் பெண்களைத் தொடுகிற கேவலம் அங்கேயும் உண்டு. தோக்கியோவில் பல ரயில்களில் காலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விடுகிறார்கள், நடைமேடையிலேயே குறி போட்டிருக்கும். போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. தெருமுனைகளில் சின்னக் காவல் சாவடிகள் இருக்கும், வழி தெரியாவிட்டால்கூட உள்ளே போய்க் கேட்கலாம்.

கேள்வி: போன வருடம் பக்கத்து நாடு ஒன்றில் இரவுப் பேருந்தில் போனபோது, தூக்கத்தில் இருந்த என்னைப் பக்கத்து இருக்கை ஆள் தொட்டான். விழித்தும் என்னால் அசைய முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. இறங்கும்வரை அப்படியே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கத்தியிருக்க வேண்டும் என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். தோழிகள் மறுபடி பயணம் போகலாம் என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம்

பதில்: முதலில் இதைக் கேள், அம்மா. தப்பு செய்தவன் அவன். நீ தூங்கியது தப்பில்லை, இரவுப் பேருந்தில் போனது தப்பில்லை, கத்தாததும் தப்பில்லை. பயத்தில் உடம்பு உறைந்துபோவது நம் கையில் இல்லாத ஒன்று. இப்படிப்பட்ட நேரத்தில் ஏராளமானோருக்கு நடப்பது அதுதான். நீ அசையாமல் இருந்ததால் அதற்குச் சம்மதித்தாய் என்று ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதே, உன் மனசே சொன்னாலும் நம்பாதே.

ஒரு வருடமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல். 1985-இல் தொடங்கப்பட்ட அவேர் மாதர் அமைப்பின் உதவி எண் 1800 777 5555. பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களுக்கென்றே அவர்களிடம் தனிப் பிரிவு இருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அவர்களோடு பேசி நீயே முடிவு செய். உன்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

மறுபடி பயணம் போவது உன் மனசு தயாராகும்போது. அடுத்த மாதமா, இரண்டு வருடம் கழித்தா என்பது உன் இஷ்டம். போகும்போது முன் வரிசையில், ஓட்டுநருக்குப் பக்கமாக இடம் கேள். பக்கத்தில் பெண் பயணியைப் போடும்படி டிக்கெட் வாங்கும்போதே சொல். மறுபடி குரல் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தால், குரல் தேவைப்படாத ஒன்றைப் பழகி வை: எழுந்து நின்று, பையை எடுத்துக்கொண்டு, நேராக ஓட்டுநரிடம் நடந்து போய்விடுவது. குரல் வந்தால் தமிழிலேயே கத்து. மொழி புரியாவிட்டாலும் ஒரு பெண் எதற்குக் கத்துகிறாள் என்று பேருந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரியும்.

எனக்கு மறுபடி எழுது. அச்சில் வராது.

கேள்வி: என் பாட்டி பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. எனக்கு 26 வயது. "இந்தியாவுக்குத் தனியாகவா!" என்று சித்தி, அத்தை எல்லோரும் அலறுகிறார்கள்.
- புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: அலறட்டும், நீ திட்டத்தைப் போடு. நமக்கு இந்திய விசா தேவை, இணையத்திலேயே எடுக்கலாம். இந்திய அரசின் தளம்தானா என்று சரிபார்த்துக்கொள். அதைப்போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன. சென்னை போய் அலைய வேண்டாம், திருச்சிக்கே இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. இரவு நேரத்தில் இறங்குவதாக இருந்தால் அன்று திருச்சியிலேயே தங்கிவிட்டுக் காலையில் கும்பகோணம் போ.

வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர்கள் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதனால் சின்ன லாட்ஜ்களில் கடப்பிதழைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லிவிடலாம். தனியாக வரும் பெண் என்றால் சில இடங்களில் இன்னும் தயங்குவார்கள். முன்பே தொலைபேசியில் அழைத்து, "சிங்கப்பூர்க் கடப்பிதழ், தனியாக வருகிறேன்" என்று சொல்லி உறுதி செய்துகொள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, ரயிலில் ஏதாவது என்றால் 139.

உனக்குத் தமிழ் தெரியும் என்பது பெரிய பலம். கூடவே எல்லோரும் விசாரிப்பார்கள்: எந்த ஊர், யார் மகள், கல்யாணம் ஆச்சா, ஏன் தனியாக வந்தாய்? பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆயாவும் கேட்பார், பூக்காரம்மாவும் கேட்பார். பெரும்பாலும் அது வெறும் அக்கறைதான், பயப்படாதே. அவர்களிடம் நன்றாகப் பேசு, அந்தப் பெண்கள்தான் உனக்குத் துணை. ஆனால் எந்த ஹோட்டல், எந்த அறை, எத்தனை நாள் தனியாக இருப்பாய் என்கிற திசையில் ஓர் ஆண் கேள்வி கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்து.

கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடைசாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும், அப்போது அறையில் ஓய்வெடு. பாட்டியின் கிராமத்துக்குக் காலையிலேயே போய்விடு. பாட்டியின் பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, குலதெய்வக் கோயில் எது என்று அம்மாவிடம் கேட்டு எழுதி எடுத்துக்கொள். இதெல்லாம் இருந்தால்தான் ஊரில் யாராவது அடையாளம் சொல்வார்கள். ஹோட்டல் மூலமாகவே கார் ஏற்பாடு செய். வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு. திரும்பி வரும்வரை டிரைவரை அங்கேயே காத்திருக்கச் சொல், அதற்கு எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடு.